ஃபோகஸ் விழுந்த இடம்

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு நடைமுறை உண்டு. எடுத்த படத்தை வாடிக்கையாளருக்குக் காட்டுமுன், கணினித் திரையில் கண்களை மட்டும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இமைமுடிகள் தனித்தனியே தெரிந்தால் படம் தேறியது; இல்லையேல் கழிவு. அதைப் பிரிக்கும் பொறுப்பு, எனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணுடையது. ஸ்டுடியோ அவளுடைய அண்ணனுக்குச் சொந்தம். நான் அங்கே கேமரா பிடிப்பவன்.

"மாப்ள, இங்க வாங்க. கல்யாணப் பொண்ணு ஏன் ஆவி மாதிரி நிக்கிறா?" என்றார் அண்ணன்.

முந்தைய வாரம் ஒரு மண்டபத்தில் நான் எடுத்த படங்கள் அவை. மேடையில் மணமக்கள் இருவரும் மங்கியிருந்தனர். அவர்களுக்குப் பின்னால் கிடார் வாசித்த இளைஞன் மட்டும், படத்துக்குப் படம், இமைமுடி வரை துல்லியமாக இருந்தான்.

"லென்ஸ் போயிருக்கும். பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட அப்படியே சொல்லிடலாம்," என்றார் அவரே.

தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். அதற்குள், கணினி முன் அமர்ந்திருந்த அவள் வேறொரு படத்தைத் திறந்தாள். மேடை விளக்கைப் பிடிக்க வந்திருந்த அவளையே அன்று அதே மண்டபத்தில் நான் எடுத்தது. ஒரு முடிகூட மங்கவில்லை.

"அதே லென்ஸ்தான்ணா. இவன் கண்ணு எங்க போச்சோ, அங்கதான் ஃபோகஸும் போயிருக்கு."

அண்ணனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்தார், அச்சிரிப்பில் சிறிதும் ஈரமில்லை.

"ஏன்டா, நீ மண்டபத்துக்குப் போனது படம் எடுக்கவா, உனக்கு மாப்பிள்ளை பாக்கவா?"

அவள் சிரிக்கவில்லை. "யாரு அவன்?"

"தெரியாது. பேசினதுகூட இல்ல."

"அப்போ என்னைப் பாத்ததெல்லாம் நடிப்பா?"

"இல்ல. உன் படத்தையே பாரு."

"ரெண்டுல ஒண்ணுதான் நிஜமா இருக்கும். எதுன்னு சொல்லு."

அழகான முகம், ஆகவே எடுத்தேன், இது தொழில் என்றே பல காலமாக எனக்கு நானே விளக்கம் கூறி வந்திருக்கிறேன். இவளை விரும்புகிறேன், ஆகவே மற்றது ஒன்றுமில்லை என்றும் கணக்கிட்டிருந்தேன். திரையில் இரு முகங்களும் அருகருகே இருந்தன. எதையும் கழிக்க இயலவில்லை.

"எனக்கே இப்பதான் புரிய ஆரம்பிக்குது. தப்பா நினைக்காத... ரெண்டுமே நிஜம்னு தோணுது."

"துணிக்கடையா இது? ரெண்டையும் எடுத்து வைங்க, யோசிச்சு சொல்றேன்னு நிக்கிறதுக்கு!" என்று அண்ணன் குறுக்கிட்டார்.

பிறகு என் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "லென்ஸ் கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. கல்யாணம் நடக்கும். வேலையும் இருக்கும். இல்லன்னா ரெண்டும் கிடையாது."

அவள் மறுக்கவில்லை. சற்றுமுன் லென்ஸுக்காக வாதாடியவள், இப்போது என் வாயையே பார்த்திருந்தாள். நான் பொய் சொன்னால் ஏற்றுக்கொள்வாள். பிறகு ஒவ்வொரு நாளும் என் கண்களைப் பெரிதாக்கிப் பார்ப்பாள்.

"லென்ஸ் நல்லாத்தான் இருக்கு, மச்சான்."

"யாருக்குடா மச்சான்? கேமராவ வச்சிட்டு வெளிய நட!"

மூடியைப் பொருத்தி, கேமராவை மேசைமேல் வைத்தேன். அவள் கிடார் வாசித்தவனின் படங்களை ஒவ்வொன்றாகக் கழிவில் தள்ளிக்கொண்டிருந்தாள். இறுதியில் அவளுடைய படம் மட்டும் மிஞ்சியது.

"அது தேறின படம்," என்று தயங்கிச் சொன்னேன்.

"நீங்க போங்க," என்றாள். அதுவரை அவள் என்னை 'நீங்க' என்று அழைத்ததே இல்லை.

நான் கதவைத் திறக்கும்போது அதையும் தள்ளிவிட்டாள்.