துருப் பேச்சு

பாலத்துக்கு அந்தப் பக்கம் வசிப்பவர்கள் பேசினால் இரும்பு துருப்பிடிக்கும். சொல்லின் கடைசியைச் சற்று நீட்டி, அடித்தொண்டையில் இறக்கி வைப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பேச்சுக்குத் ‘துரு’ என்று பெயர் வைத்தவர் பூட்டுக்கடைக்காரர். அந்தப் பக்கத்து அம்மாள் ஒருத்தி அவரிடம் ஒரு பூட்டுக்கு விலை பேசினாள். பேரம் படிவதற்குள் பூட்டு செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. “துருப்பிடிச்ச பூட்டுக்கா இந்த விலை?” என்று அவள் மேலும் குறைக்கச் சொன்னாளே பார்க்கலாம், கடைக்காரருக்கு வந்ததே கோபம்! “பேச்சா இது? துரு!” என்று கத்தினார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்தச் சொல்தான். கெட்ட பெயருக்கு யாரும் பஸ் டிக்கெட் எடுத்துத் தர வேண்டியதில்லை.

அந்த அம்மாளின் மகள்தான் பின்னாளில் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்ய வந்தவள். ஊருக்கே அவள் மைக்கக்கா. வந்த முதல் வாரமே மைக்கின் வலை பொடிப்பொடியாக உதிர்ந்தது. மேலாளர் கூப்பிட்டு, “திருத்தமாப் பேசக் கத்துக்கோம்மா, இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ” என்றார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்வாள்? வாய்க்கு எதிரே இரும்புக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பேசிப் பழகினாள். ஒன்றிரண்டு வருடத்தில், எவ்வளவு பேசினாலும் கரண்டி பளபளவென்று அப்படியே இருந்தது, வேலையும் நிலைத்தது. ஆனால் வீட்டில் அவள் வாயைத் திறந்ததும் அம்மா எழுந்து நின்று, “வாங்க, உக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட ஆரம்பித்தாள். பெற்றவளே ‘வாங்க’ என்றால் எந்த நெஞ்சு தாங்கும்? அழுதாள். அழுதுவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனாள்.

அப்புறம் நகரசபை பாலத்தின் இந்த முனையில் ஓர் இரும்புக் கதவு போட்டது. ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய், சைக்கிள் எல்லாம் பாழாகிறதாம். துருக்காரர்கள் இனி அவர்கள் பக்கத்திலேயே கிடக்கட்டுமாம். அவர்கள் கதவருகே நின்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார்கள். கதவு அத்தனை கனம், பெயிண்ட் மட்டும்தான் உரிந்தது. கதவு நிரந்தரமாக மூடப்படுகிறது என்ற அறிவிப்பை மைக்கக்கா கையில் கொடுத்து, “நீதான் நம்ம ஆளாயிட்டியே, உனக்குத் தனியா பாஸ் போட்டுத் தரோம்” என்றார் மேலாளர்.

அறிவிப்பு அறையின் ஜன்னலில் இருந்து பார்த்தால் பாலம் தெரியும். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா நின்றிருந்தாள். மைக்கக்கா தாளைக் கவிழ்த்து வைத்தாள். “உங்க பாஸும் வேணாம், பவுசும் வேணாம்” என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்து, நிலையத்து ஒலிபெருக்கிகள் அத்தனையிலும், கடைசியை நீட்டி, அடித்தொண்டையில் இறக்கி, “அம்மா, கதவ விட்டுத் தள்ளி நில்லும்மா” என்றாள். நாக்கு எதையும் மறந்திருக்கவில்லை. கதவு சிவந்தது, செதில் செதிலாக உரிந்தது, மூச்சு விடும் நேரத்தில் குவியலாகக் கிடந்தது. அம்மா அதை மிதித்துக்கொண்டு நேரே அறிவிப்பு அறைக்கு வந்தாள்.

“ஏண்டி, இத்தனை நாளா எங்கடி போயிருந்தே?” என்றாள்.

நகரசபை வேறு கதவு போடவில்லை. என்ன பேச்சு இது என்று யாராவது கேட்டால், அந்தப் பக்கத்துக்காரர்கள் இப்போது “துரு” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள். பேருந்து நிலையத்தில் பித்தளை மைக் வந்துவிட்டது. பூட்டுக்கடையிலும் இப்போது பித்தளைப் பூட்டுதான். அந்த அம்மாள் இன்னும் அங்கே போய்ப் பேரம் பேசுகிறாள்.