சட்டைப்பையோடு போன பெர்மிட்

புதன்கிழமை அடக்கம் செய்யப்பட்ட லோரன்ஸ், ஞாயிற்றுக்கிழமை இரத்தோட்டைச் சந்தைக்கு வந்து வழக்கம்போலப் பருப்பு வடை சுட்டார். அன்று தேங்காய் விலை ஏறியிருந்தது, விடியலில் கொஞ்சம் தூறியது. தோளில் ஈரமண் ஒட்டியிருந்ததைத் தவிர ஆளில் ஒரு வித்தியாசமும் இல்லை. முதல் பஸ்ஸில் வந்திறங்கிய தோட்டத்துச் சனம் நேரே போய் வடை கேட்டது. கையில் வாங்கிய பிறகுதான் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. சிலர் அழுதார்கள், சிலர் கடித்துப் பார்த்துவிட்டு அழுதார்கள், உப்புச் சரியாக இருந்ததாம். அடுப்பையும் கண்ணாடிப் பெட்டியையும் எடுத்துப்போக வந்திருந்த அவர் மனைவி தெரேசா, சந்தை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இது எப்படி நடந்தது என்று கேட்டால், எங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். எங்கள் பகுதிச் சுகாதாரப் பரிசோதகர் ஜெயக்காந்தன், பீ.எச்.ஐ. ஐயா, யார் முகத்தையும் முதலில் பார்க்கமாட்டார். கையைத்தான் நீட்டுவார். நீட்டிய கையில் பெர்மிட் விழவேண்டும், பிறகு நகம் பார்ப்பார், பிறகு தலைத்தொப்பி, ஏப்ரன், பெட்டிக்கு மூடி. அதனால் இந்தச் சந்தையில் சாப்பாடு விற்கிறவர்கள் எல்லோருமே பெர்மிட்டைப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். லோரன்ஸ் கோயிலுக்கும் அதோடுதான் போவார். சவப்பெட்டியை மூடப்போகும் நேரம், அழுத அழுகையில் தெரேசா அதை எடுத்து அவர் பைக்குள் வைத்துவிட்டாள். டிசம்பர் கடைசி வரைக்கும் செல்லுபடியாகும் பெர்மிட்! அது இல்லாமல் கடை போட முடியாது, அதுவோ மண்ணுக்குள் அவரிடம் இருக்கிறது. வேறு யார் கொண்டுவருவது?

பக்கத்தில் தொதலும் பூந்தியும் விற்கும் புஹாரி நானாதான் முதலில் வாய் திறந்தார். "என்ன தங்கச்சி இது? கபுறடியில நின்டு நானுந்தானே மண்ணள்ளிப் போட்டேன்?"

"எனக்கும் ஒண்ணும் விளங்கல நானா," என்றாள் தெரேசா. "கேட்டாப் பேசவும் மாட்டேங்கறாரு. சிரிக்கிறாரு."

பதினொரு மணிபோல் ஜெயக்காந்தன் வந்தார். அடக்கத்துக்கு மலர்வளையம் கொண்டுபோனவர் அவர். ஆனாலும் பழக்கம் பழக்கந்தானே, முகத்தைப் பாராமல் கையை நீட்டினார். பெர்மிட் விழுந்தது. திகதியைப் பார்த்தார், சரி. நகத்தைப் பார்த்தார், நிறைய மண். "இதென்ன இது, நகத்தச் சுத்தம் பண்ணாமப் பருப்பத் தொடாதீங்க," என்று அதட்டிவிட்டு நிமிர்ந்தவர், ஐயோ பாவம், கீரைக்காரியின் சாக்கில் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அந்த வருஷம் முழுக்க அப்படித்தான் போனது. லோரன்ஸின் முப்பத்தோராம் நாள் பூசையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைத்ததால், அதற்கு வேண்டிய வடையை அவரே சுட்டார். அவருக்காக வேண்டிக்கொள்வதா, அவரிடம் நன்றி சொல்வதா என்று பங்குச் சாமியார் திணறிப்போனார். ஓகஸ்டில் நாவுலயிலிருந்து ஆட்கள் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு வெங்காய விலை விசாரித்துக்கொண்டு போனார்கள். தெரேசா மட்டும் ஞாயிறுதோறும் விடியமுன்னே வந்து குழாயடியில் காத்திருப்பாள். அவர் வந்ததும் கையைப் பிடித்து, ஒவ்வொரு நகமாக வெட்டி, பழைய பல்துலக்கியால் மண்ணைத் தேய்த்து எடுப்பாள். கை குளிர்ந்திருக்கும். கல்யாணம் கட்டிய காலத்திலும் இவ்வளவு நேரம் அவர் கையைப் பிடித்திருந்ததில்லை என்று டீக்கடையில் வெட்கமில்லாமல் சொன்னாள். பின்னேரம் பெர்மிட்டை அவர் பையில் வைத்துப் பொத்தான் போட்டு அனுப்புவாள். மற்ற நாட்களில் அவளைப் பார்க்கச் சகிக்காது.

நவம்பரில் அடுத்த வருஷத்துப் பெர்மிட்டுக்காக வியாபாரிகளுக்குச் சந்தையிலேயே மருத்துவச் சோதனை வைத்தார்கள். லோரன்ஸும் வரிசையில் நின்றார். டொக்டரம்மா பார்த்தார். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, தோலில் சொறி இல்லை. நாடியும் இல்லை. காதில் மாட்டிய குழாயைக் கழற்றித் தட்டிப் பார்த்து, மறுபடி வைத்துப் பார்த்து, கடைசியில் தொற்றுநோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதில் பொய்யும் இல்லையே.

ஜெயக்காந்தன்தான் மசியவில்லை, தெரேசாவிடம் வந்து நின்றார். "அக்கா, நான் மலர்வளையம் வச்ச ஆளுக்கு என் கையால எப்படிப் பெர்மிட் எழுதுறது? நீங்களே சொல்லுங்க."

"ஒரு வருசமா அவர்கிட்டத்தானே பெர்மிட் வாங்கிப் பாத்தீங்க ஐயா?"

"அது உயிரோட இருக்கும்போது குடுத்தது. எனக்கே தலை சுத்துது. உங்க பேர்ல எடுங்க, நாளைக்கே தாறேன். இல்லாட்டி ஜனவரியில இந்த இடம் வேற ஆளுக்குப் போயிரும்."

தெரேசாவுக்கு அழுகை வந்துவிட்டது. "கடை வேணாம்னு சொல்லலீங்க ஐயா. கடை மட்டும் இருந்தாப் போதாதுங்கறேன். அவரு பெர்மிட் முடிஞ்சா அவரு எதுக்குங்க வருவாரு?"

அடுப்பை மூட்டிக்கொண்டிருந்த லோரன்ஸ் அப்போதுதான், அடக்கத்துக்குப் பிறகு முதல்தடவையாகப் பேசினார். "ஒன் பேர்ல எடு தெரேசா," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்ததாகப் புஹாரி நானா சொல்கிறார். எனக்கென்னவோ பழைய குரலாகத்தான் கேட்டது. அவர் விடைபெறுகிறார் என்றே எல்லோரும் எண்ணினோம். தெரேசா தன் பெயரில் எழுதிக்கொடுத்தாள். டிசம்பர் கடைசிச் சந்தையில் நகம் வெட்டியபோது வெட்டிய துண்டுகளைக்கூட முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஜனவரி முதல் ஞாயிறு. புதுப் பெர்மிட்டோடு வந்த தெரேசா குழாயடியைத் திரும்பியும் பார்க்காமல், தலையைக் குனிந்தபடி தன் இடத்துக்குப் போனாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பருப்பு அரைத்து, வெங்காயம் வெட்டி, லோரன்ஸ் அவளுக்காகக் காத்து நின்றார். பையில் காலாவதியான பழைய பெர்மிட். அதற்காகத்தான் வருகிறார் என்று நாங்கள் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. தெரேசா அவர் பக்கத்தில் போனாள். "கையக் குடுங்க," என்றாள்.

பதினொரு மணிபோல் ஜெயக்காந்தன் வந்து கையை நீட்டினார். தெரேசா தன் பெர்மிட்டைக் கொடுத்தாள். திகதியைப் பார்த்தார், அவள் நகத்தைப் பார்த்தார், பிறகு லோரன்ஸின் நகத்தையும் பார்த்தார். சுத்தமாக இருந்தது. தலையைச் சொறிந்தார்.

"உதவிக்கு நிக்கிற ஆளும் தொப்பி போடணும் அக்கா," என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.