மங்கலான பக்கம் கீழே

செல்சோ ஒவெலார் தன் பழைய பிலிம்களை ஸ்கேனரில் ஏற்றிய வாரத்தில், சான் லம்பேர்தோவில் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வலக்கை வேலை இடக்கைக்குப் போனது. மச்சங்கள் கன்னம் மாறின, தழும்புகள் முழங்கால் மாறின, இதயத்துடிப்பை மருத்துவர் வலப்பக்கம் தேடிக் கண்டுபிடித்தார். ஆற்றுத் தண்ணீரில் கோளாறு என்று நகராட்சி அறிவிப்பு ஒட்டியது. மரவள்ளிக்கிழங்கின் விலை மட்டும் மாறவில்லை.

காரணம் செல்சோவுக்கு இரண்டாம் நாளே தெரியும். ஊரின் ஒரே படக்காரர் அவர். ஸ்கேனர் விற்ற பெண், “ஐயா, மினுமினுப்பான பக்கந்தான் கீழ இருக்கணும்,” என்றபோது, “நாப்பது வருஷமா பிலிமோட கெடக்கிறேன், எனக்கே பாடமா?” என்று மீசையை முறுக்கியிருந்தார். இருட்டறையில் மங்கலான பக்கத்தைக் கீழே வைத்துத்தான் பிரிண்டு போடுவார். பழகிய கை இங்கேயும் அப்படியே வைத்துவிட்டது. திரையில் தேவாலயப் பெயர்ப்பலகையின் எழுத்துகள் இடவலம் மாறி நின்றன; படங்களில் இருந்தவர்களும் ஊரில் அப்படியே மாறியிருந்தார்கள். பார்த்தார், வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கிய யானை அதை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

எட்டு மாதம் கழித்து, எதிர்வீட்டு எலாதியாவின் மகன் அனஸ்தாசியோ திரும்பி வந்தான். பியூனோஸ் அயர்ஸுக்குக் கட்டட வேலைக்குப் போய் முப்பத்தொரு வருடம் கடிதம்கூடப் போடாதவன். அவள் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தாள்.

“என் பிள்ளைக்கு மச்சம் எடது கண்ணுக்குக் கீழ. உனக்கு வலது பக்கம் இருக்கு.”

“தூங்கி எந்திரிச்சேன், மாறியிருந்துச்சும்மா.”

“இந்த ஆத்துத் தண்ணியத் தொடாதவனுக்கு எப்படிய்யா மாறும்? ஏமாத்த வேற வீடு பாரு.”

அவன் மூன்று நாள் அவள் வாசலில், வெயிலில் உட்கார்ந்திருந்தான். செல்சோ ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார், மூடுவார். நான்காம் நாள் அவன் பேருந்துக்குப் பையைத் தூக்கியபோதுதான் தெருவைக் கடந்து போய், சின்ன வயதில் அவனை எடுத்த பிலிம் உட்பட எல்லாவற்றையும் எலாதியாவிடம் சொன்னார்.

எலாதியா கேட்டது ஒன்றுதான். “மூணு நாளா என் பிள்ளை வெயில்ல காஞ்சான். நீ ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்த?”

“ஆமாக்கா.”

அவள் செல்சோவைத் தாண்டிப் போய் மகன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

எல்லாப் படங்களையும் திருப்பி ஏற்றித் தருகிறேன் என்று ஊர்க்கூட்டத்தில் தலைகுனிந்து சொன்னார். “இப்பத்தான் கரண்டி புடிக்கக் கை பழகுச்சு, விட்டுருய்யா,” என்றார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவரை யாரும் படமெடுத்ததில்லை. ஞாயிறு பூசையில் ஊரே இடக்கையால் சிலுவை போடுகிறது, பாதிரியாரும் அப்படியே ஆசீர்வதிக்கிறார். செல்சோவுக்கு இரண்டு வரிசை பின்னால் எலாதியாவும் மகனும் உட்காருகிறார்கள். செல்சோ வலக்கையைக் கோட்டுக்குள் மறைத்துச் சின்னதாகப் போடுகிறார், எல்லோருக்கும் தெரிகிறது.