ஜரிகை கட்டிய ஆன்டெனா

பிரளயம் வந்து செல்போன் கோபுரங்களெல்லாம் சாய்ந்து, நாடே ஊமையாகிற நாளில், ஆரணியின் குரலாக ஒலிக்கப்போகிறவர் பாலமுருகன் ஒருவரே. இன்றைக்கு அந்தக் குரல் அவருடைய காரின் டிக்கியைத் தாண்டவில்லை.

ஹாம் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்த சூட்டோடு காருக்குள் ரேடியோ, டிக்கி மூடியில் ஆன்டெனா, பட்டுக்கடை வாசலில் ஷாமியானா என்று எல்லாம் செய்துவிட்டார். வருகிற ஞாயிறு வியாபாரிகள் சங்கத் தலைவர் தேர்தல். ஊரைக் காப்பாற்றத் தெரிந்தவருக்குத்தானே ஓட்டு விழும்? எதிர்த்து நிற்கிற சுப்பராயலுவுக்கு என்ன தெரியும், சேலை விற்கத் தெரியும். அவரை முன்வரிசையிலேயே உட்கார வைத்திருந்தார். தோற்கப்போகிறவர் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும் அல்லவா.

"போளூர், போளூர், ஆரணி பேசுது."

ரேடியோ கரகரத்தது. கொஞ்ச நேரத்தில் போளூர் நண்பர் செல்போனில் கூப்பிட்டார். "சார், ஒண்ணும் கேக்கலயே. இன்னும் ஆரம்பிக்கலயா?"

பாலமுருகனோடு சேர்ந்து லைசென்ஸ் பரீட்சை எழுதியவர் மின்வாரிய இன்ஜினியர் எழிலரசன். அவர் குனிந்து ரேடியோவோடு இணைத்திருந்த மீட்டரைப் பார்த்தார். முள் சிவப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அனுப்பற பவர் வெளிய போகாம திரும்பி வந்துகினு கீது. எர்த் இல்ல சார். டிக்கி மூடியையும் கார் பாடியையும் சேக்கற ஒயர்லதான் கோளாறு."

"அங்க ஒயர் எதுக்கு? நம்ம கடை ஜரிகையைப் பின்னிக் கட்டியிருக்கேன். சுத்த வெள்ளி. செம்பைவிட வெள்ளியில கரண்ட் நல்லாப் போகும்னு நீங்களே படிச்சீங்க இல்ல?"

கூட்டம் மெச்சியது. எழிலரசன் வேறொரு மீட்டரை எடுத்தார். மின்சாரம் போக வழியிருந்தால் அது பீப் என்று கத்தும். கேபிளில் வைத்தார், கத்தியது. ஆன்டெனாவின் கவ்வியில் வைத்தார், கத்தியது. ஜரிகைப் பின்னலில் வைத்தார். ஷாமியானாவில் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"பேட்டரி போயிருக்கும்," என்றார் பாலமுருகன்.

சுப்பராயலு எழுந்து வந்து தன் மோதிரத்தை நீட்டினார். பீப். "பேட்டரி நல்லாத்தான் கீது, பாலு."

எழிலரசன் ஒரு இழையைப் பிரித்துப் பார்த்தார். "உள்ள பாலியஸ்டர், மேல பிளாஸ்டிக் மினுக்கு. இதுல வெள்ளி எங்க சார்?"

பாதி விலைக்கு வந்தபோதே அந்த ஜரிகை தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தது. பாலமுருகன்தான் காது கொடுக்கவில்லை. சோதித்துப் பார்ப்பது தன்னையே சந்தேகப்படுவதாகும் என்பது அவருடைய கொள்கை.

"துரை, இங்க வா."

அவருடைய தறியில் நெய்கிற துரை, ஜரிகையைப் பின்னிக் கொடுத்தவன், பின்னாலிருந்து வந்தான்.

"நல்ல ஜரிகையை எங்கடா மாத்தின?"

"நீங்க குடுத்த ஜரிகைக் கண்டுலேந்துதான் பின்னினேன் மொதலாளி."

"அப்போ என் ஜரிகை போலின்றியா?"

"ஐயோ, நான் அப்டி சொல்லலீங்க."

"அப்போ நீதான் திருடியிருக்க. ரெண்டுல ஒண்ணு."

மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னார்கள். தயிர்சாதம் இருந்தது. சங்கத்துப் பொருளாளர் அதை ஒரு குச்சியால் கிளறியும் பார்த்தார்.

"எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றார் சுப்பராயலு. "மீட்டர் கையில கீது. கடைக்குள்ள போயி சேலையிலயே வச்சிப் பாத்துடலாம்."

பாலமுருகன் கடை வாசலை மறித்து நின்றார். அந்த நேரம் பார்த்து மோர் தட்டோடு லீலா வந்தாள். அரக்குப் பட்டு, அகலக் கரை. மனைவியைப் பார்த்து அவர் இவ்வளவு மகிழ்ந்து வெகு காலமாகியிருந்தது.

"கடைக்குள்ள எதுக்கு? இதோ, என் வீட்டுக்காரி கட்டிகினு கீறது எங்க சேலை. இவன் தறிக்கு வர்றதுக்கு முன்ன நெய்ஞ்சது. லீலா, முந்தானையைக் குடு."

"வேணாங்க. அடுப்புல பால் கீது."

"குடுன்னு சொல்றேன்."

எழிலரசன் ஜரிகைக் கரையில் மீட்டரை வைத்தார். நீளமாகக் கத்தியது. கை தட்டினார்கள்.

"கேட்டுக்குங்க. இவன் கை படாத ஜரிகை பேசுது. பட்டது ஊமையாயிடுச்சி." பாலமுருகன் துரையிடம் திரும்பினார். "இனிமே தறிப்பக்கம் வராத. திருட்டுப் பையனுக்கு இந்த ஊர்ல எவன் வேலை குடுக்கறான்னு நானும் பாக்கறேன்."

துரை டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போனான். பொருளாளர் குச்சியைத் தூர எறிந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டு யாருக்கு என்பது முகங்களிலேயே தெரிந்தது. பாலமுருகனுக்கு அது போதவில்லை.

"எந்த வருசம் நெய்ஞ்சதுன்னு நீயே சொல்லு லீலா. சுப்பராயலு அண்ணனும் கேக்கட்டும்."

லீலா மோர் டம்ளர்களைப் பார்த்தபடி நின்றாள். சுப்பராயலு மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முந்தானைப் புட்டாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

போன ஆடித் தள்ளுபடியில் சுப்பராயலு கடையில் லீலா எடுத்த சேலை அது.