எந்த வீட்டுப் பிள்ளை

அப்பா டொக்டரின் கையைக் குலுக்கிக்கொண்டேயிருந்தார். விடுவதாக இல்லை.

"உங்கட வோட்டு எனக்குத்தானே?" என்று தமிழில் கேட்டார்.

அந்த வெள்ளைக்காரப் பெண், அவருடைய மகள் வேரோனிக்காவைப் பார்த்தாள். வேரோனிக்கா ஆங்கிலத்தில் சொன்னதும், "நிச்சயமாக" என்று சிரித்துக் கையை மீட்டுக்கொண்டாள். வாசல்வரை போனபிறகுதான், இனிச் சில மணி நேரம்தான் என்று மெதுவாகச் சொன்னாள்.

புற்றுநோய் மூளைக்கு ஏறிய நாலு நாளாக அப்பா அருள்நாயகம் வீடு வீடாக வாக்குக் கேட்டுப் போய்க்கொண்டிருந்தார், கட்டிலை விட்டு இறங்காமலே. தாதிமாரிடம் கேட்டார். சேலைன் கம்பியிடமும் கேட்டார்.

மன்னாரில் ஐஸ் கொம்பனி வைத்திருந்தவரின் ஒரே மகன். மிசிசாகாவில் மீன் இறக்குமதி, உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவர், ஒருமுறை மாநகர சபை உறுப்பினர், இரண்டு முறை தோற்ற வேட்பாளர். யாரைக் கண்டாலும் பெயர் கேட்கமாட்டார். "எந்த வீட்டுப் பிள்ளை?" என்பார். பதில் வந்ததும் தகப்பன், பாட்டன், ஊர், ஒழுங்கை எல்லாம் அவர் சொல்லுவார். ஊருக்கு உபகாரி, வீட்டுக்கு விருந்தாளி.

பன்னிரண்டு வயதில் வேரோனிக்கா கோல் காத்த அணி கிண்ணம் வென்றது. பிரதம விருந்தினர் அப்பாதான். பதக்கத்தைக் கழுத்தில் போட்டு, கையைக் குலுக்கி, கமெராவைப் பார்த்தபடி "வாழ்த்துகள் பிள்ளை" என்றார். வரிசையில் அடுத்தவளுக்கும் அதேதான். அந்தப் படம் இன்றும் வீட்டு ஹோலில் தொங்குகிறது. அம்மாவுக்கு அதில் பெரிய பெருமை.

போன் அடித்தது. சம்மேளனச் செயலாளர் மாக்கஸ்.

"பிள்ளை, குறை நினையாதை. அறிவித்தலிலை தலைவர் எண்டு போடுறதோ, முன்னாள் தலைவர் எண்டு போடுறதோ? மற்றப் பகுதி சண்டைக்கு நிக்கிது."

"அவர் இன்னும் இருக்கிறார், அங்கிள்."

"ஓம், ஓம். நான் பிறகு எடுக்கிறன்."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. மாக்கஸ் மீதா, அப்பா மீதா என்று தெரியவில்லை. ஒரு தடவை, ஒரேயொரு தடவை, "வேரோ" என்று அவர் கூப்பிட்டால் போதும். அதற்காகத்தான் நாலு நாளாக வேலைக்குப் போகாமல் இந்தக் கதிரையில் இருக்கிறாள்.

செபமாலையை உருட்டிக்கொண்டிருந்த அம்மா ஜோசப்பின், கணவரின் தோளைத் தொட்டாள்.

"இஞ்சை பாருங்கோ. ஆர் வந்து நிக்கிறதெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

அருள்நாயகம் கண்ணைத் திறந்தார். முகம் மலர்ந்தது. வேரோனிக்கா எழுந்து கிட்ட வந்தாள். அவர் வலது கையை நீட்டினார்.

"வாங்கோ பிள்ளை. நீங்கள் எந்த வீட்டுப் பிள்ளை?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேரோனிக்கா அந்தக் கையைப் பிடித்தாள். வேறு என்னதான் செய்வது?

"அருள்நாயகத்தாற்றை மகள்."

"ஆர், ஐஸ் கொம்பனி அருள்நாயகமோ?"

"ஓம்."

அவர் யோசித்தார்.

"நல்ல மனிசன். ஆனா வீட்டிலை பிடிக்கேலாது. எத்தினை தரம் போயிட்டன். ஒரு சின்னப் பெட்டைதான் வந்து கதவைத் திறக்கும். அப்பா இல்லையெண்டு சொல்லும்." மூச்சு வாங்கியது. "பாவம் அது."

"ஓம்," என்றாள் வேரோனிக்கா.

"நான் வந்திட்டுப் போனனானெண்டு சொல்லுங்கோ."

"சொல்லுறன்."

பிடித்த கையை அவர் விடவில்லை. நாலு மணி போல மூச்சு நின்றது. ஜோசப்பின் குழறியபடி மகளின் தோளில் சாய்ந்தாள். அவளை இடது கையால் அணைத்துக்கொண்டாள் வேரோனிக்கா. வலது கை இன்னும் அப்பாவிடம் இருந்தது.

மேசையில் போன் அதிர்ந்தது. மாக்கஸ் அங்கிள். எடுக்க அவளிடம் கை இருக்கவில்லை.