முளைக்கும் முளைக்கும் நடுவே

"இடது காலை அந்தப் பள்ளத்துல வை. ஐயோ, இடதுங்கறேன்!"

மொரேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்திநாலு வயதானவளுக்கு இடது கால் எது என்று தெரியாதா? ஃபெராராவில் சொந்தமாகச் சைக்கிள் கடை வைத்து, நாள் முழுக்கச் சங்கிலியோடும் திருகாணியோடும் மல்லுக்கட்டுகிறவள் அவள். ஃபெராரா தட்டையான ஊர்தான், மேம்பாலம்தான் அங்கே மலை. அதற்காக இந்தப் பாடா?

மலையேறும் பாதை நெடுகப் பாறையை ஒட்டி இரும்புக்கம்பி ஓடியது. நாலைந்து மீட்டருக்கு ஒரு இரும்பு முளை கம்பியைப் பாறையோடு பிடித்திருந்தது. இடுப்புவாரிலிருந்து தொங்கும் இரண்டு கொக்கிகளையும் கம்பியில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். முளை வந்தால் ஒன்றைக் கழற்றி அதற்கு அப்பால் மாட்டிவிட்டுத்தான் மற்றதைத் தொடலாம். இவ்வளவுதான் வித்தை. முன்னால் போன எட்டு வயதுப் பெண் பாடிக்கொண்டே செய்தாள்.

மொரேனாவும் செய்திருப்பாள், மேலே நின்று பாடம் நடத்தும் காதலன் லீவியோ விட்டிருந்தால்!

நேற்று மத்தியானம்தான் அவன் கேட்டான். கடையை மூடிவிட்டு இந்த மலையூருக்கே வந்துவிடு, கல்யாணம் பண்ணிக்கொண்டு அம்மாவின் விடுதியைச் சேர்ந்து நடத்தலாம் என்றான். நாளைக்கு மலை மேல் சொல்கிறேன் என்றாள் இவள். இந்த ஊரில் ஒரே ஒரு காரியத்தைத் தன் கையால் செய்து பார்த்துவிட வேண்டும், அப்புறம் முடிவு சொல்லலாம் என்று மனசுக்குள் கணக்கு. அதனால்தான் இருப்பதிலேயே சுலபமான பாதையைத் தேடிப் பிடித்து வந்திருந்தாள்.

"கொக்கியை அப்படிப் பிடிக்காதே. கட்டை விரலால அமுக்கு."

"அமுக்கிட்டுதான் இருக்கேன்."

"கம்பியை இழுக்காதே, காலால ஏறு."

"லீவியோ, வாயை மூடிட்டு மேல போறியா?"

ஆகஸ்ட் விடுமுறைக் கூட்டம் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. போல்ட்சானோ ஊர்க்காரப் பெரியவர் ஒருவர் கீழிருந்து குரல் கொடுத்தார்: "ஏம்பா, ஏறுறது நீயா, அந்தப் பொண்ணா? முளைக்கும் முளைக்கும் நடுவுல ஒரே ஆள்தான் இருக்கணும், தெரியாதா? நகரு!"

தெரியாமலா? காலையில் லீவியோவே மூன்று தடவை ஒப்பித்த சட்டம் அது. மேலே இருப்பவன் வழுக்கினால் கீழே இருப்பவரையும் சேர்த்து உருட்டிவிடுவான். ஊருக்குச் சொன்ன சட்டம் தனக்கு இல்லை என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது, மகராசன்.

பாறையில் பதித்திருந்த இரும்பு ஏணி ஒன்றின் நாலாவது படியில் நின்று மொரேனா கொக்கியை எடுக்கப்போனாள். அதற்குள் மேலிருந்து ஒரு கை இறங்கியது.

"இரு இரு, நான் மாத்தறேன்."

"வேண்டாம்!"

அவன் கழற்றி மாட்டியே விட்டான். கோபத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். அவனுடைய கொக்கிகள் இரண்டும் அவன் தொடையில் சும்மா ஆடிக்கொண்டிருந்தன.

"உன் கொக்கி எங்கடா?"

"எனக்கெதுக்கு? இது எனக்கு வீட்டு மாடிப்படி மாதிரி. இங்க பொறந்தவன் எவனும் இதுல மாட்ட மாட்டான்."

"நீ விழுந்தா யார் மேல விழுவே? கீழ நான்ல நிக்கறேன்! மாட்டு முதல்ல! இல்லேன்னா இந்தக் கூட்டத்தையே விலக்கிட்டு நான் கீழ இறங்கிடுவேன்."

கீழே பெரியவர் கைதட்டினார். லீவியோ முகம் சிவந்து, மாட்டிக்கொண்டு மேலே போனான். போகிறபோதும் "வலது பக்கமா வா" என்று சொல்லாமல் போகவில்லை.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. அத்தனை தூரம் ஏறியும் தான் ஏறியதாகவே அவளுக்குத் தோன்றவில்லை, அழுகை வரும்போல எரிச்சலாக இருந்தது. ரொட்டியில் புகையூட்டிய பன்றியிறைச்சியை வைத்து அவன் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அப்போது அவனுடைய போன் அடித்தது. லீவியோவின் அம்மா இல்தேவின் குரலுக்கு ஸ்பீக்கரே தேவையில்லை.

"மேல போயிட்டீங்களா? என் மருமக எங்கடா? மாடி அறைக்குப் பெயின்ட் அடிக்க ஆளைச் சொல்லிட்டேன்னு அவகிட்ட சொல்லு!"

மொரேனா அவனைப் பார்த்தாள். அவன் ரொட்டியைப் பார்த்தான்.

"நான் சரின்னு சொன்னதா சொல்லிட்டியா?"

"எப்படியும் நீ சொல்லத்தானே போறேன்னு... உனக்கும் சுலபமா இருக்குமேன்னு நினைச்சேன்."

அவள் போனை வாங்கினாள். "அம்மா, மொரேனா பேசறேன். நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலை. பெயின்ட் அடிக்கறவரை வர வேண்டாம்னு சொல்லிடுங்க, தயவுசெய்து."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இப்பக் கேளு."

"மொரேனா..."

"கேளுடா."

"வருவியா?"

"வரலை. எனக்கு ஃபெராரால கடை இருக்கு. என்கூட இருக்கணும்னா நீ அங்க வா."

அப்படி ஒரு வழி இருப்பதாக அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

இறங்கும் வழியிலும் கொஞ்ச தூரம் கம்பி இருந்தது. மொரேனா முதல் கொக்கியை மாட்டினாள். பிறகு இரண்டாவதை. பின்னாலேயே அவன் காலடி கேட்டது. திரும்பிப் பார்க்காமல் கையை உயர்த்தினாள்.

"நான் அடுத்த முளையைத் தாண்டினப்புறம் வா."

காலடி நின்றது. அவள் நிதானமாக இறங்கி, முளையருகே ஒன்றைக் கழற்றி அப்பால் மாட்டி, பிறகு மற்றதையும் மாற்றிக்கொண்டாள். மேலே 'டக்' என்று ஒரு சத்தம், உடனே இன்னொன்று. அவன் தன் கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தான்.