வெள்ளையாக வரும்வரை

கே பி-யூனுக்குச் சந்தேகம் குணமில்லை, தொழில். தைனான் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவள் தலைமை நர்ஸ். அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் பெண்கள் முகத்துக்கு நேரே பெரியக்கா என்பார்கள். அவள் அந்தப் பக்கம் போனதும் வேறு பெயர் சொல்வார்கள். போனைத் துடைக்காமல் காதில் வைக்க மாட்டாள். நூடுல்ஸ் கடையில் குச்சிகளைத் துடைத்துவிட்டு, துடைத்த தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பிரிவில் ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் பச்சை நிற நொறுக்குத் தீனிப் பை ஒன்று உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும், பையின் தேதி தாண்டிவிட்டால் முரண்டு பிடிக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. காலையில் வந்ததும் அந்தப் பைகளின் தேதியைப் பார்ப்பாள். பிறகு, எவளாவது ஓரத்தைப் பிரித்துத் தின்றிருக்கிறாளா என்று கையில் தூக்கி எடையும் பார்ப்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கண்ணால் பிழைத்தவர்களும் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் வெள்ளி பூசிய மூத்திரக் குழாய் என்று ஒரு கம்பெனி கொண்டுவந்து இறக்கியது. வெள்ளி கிருமியை அண்ட விடாது என்றார்கள். வெள்ளியாவது ஒன்றாவது, வெறும் சாயம் என்று கண்டுபிடித்தவள் பி-யூன்தான். சூடு கண்ட பூனை ஆயிற்றே, அன்றிலிருந்து மருந்துப் பூச்சு என்று யார் வாயைத் திறந்தாலும் அவளுக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும்.

அப்படிப்பட்டவளிடம்தான் தூ சோங்-யீ வந்து மாட்டினான். கழுத்து நரம்பில் செருகும் குழாய்களை விற்கும் கம்பெனி ஆள். மருந்தும் சத்துநீரும் அந்தக் குழாய் வழியாக நேரே ரத்தத்தில் போகும். குழாயில் கிருமி ஒட்டிக்கொண்டால் அதுவும் அதே வழியில் போகும். இப்போது வந்திருப்பது கிருமியைக் கொல்லும் மருந்து பூசிய குழாய், பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தது. நிர்வாகம் வாங்கிவிட்டது. எப்படிக் கையாள வேண்டும் என்று நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் அவன் வந்தான். தேநீர் அறையில் எல்லோரும் கூடியிருக்க, பாதிப் பேச்சில், சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள் என்று ஒரு டப்பாவைத் திறந்தான். அன்னாசி கேக்.

யாரும் கையை நீட்டவில்லை. அந்த ஊர்ப் பேச்சில் அன்னாசியின் பெயர் ‘வளம் வருக’ என்றும் காதில் விழும். வார்டுக்குள் அன்னாசி வந்தால் அதன் பின்னாலேயே நோயாளிகள் வரிசை கட்டி வருவார்கள். இது இந்தத் தீவில் ஆஸ்பத்திரி தோட்டக்காரனுக்குக்கூடத் தெரியும்.

பி-யூன் நிதானமாகக் கேட்டாள். "இதுக்கு முன்னாடி என்ன வித்துக்கிட்டிருந்தே?"

"டிராக்டர், அக்கா. சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகுது."

"டப்பாவை மூடிக்கிட்டுக் கிளம்பு."

"இல்லக்கா, டியூபைத் தொடறப்ப ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், அதை இன்னும் சொல்லல..."

"டிராக்டர்காரன்கிட்ட டியூப் போடக் கத்துக்கணும்னு எங்க தலையில எழுதல. கிளம்பு."

அன்று சாயங்காலமே பெரிய சாலையில் பேருந்து கவிழ்ந்து, ஆம்புலன்ஸ் மேல் ஆம்புலன்ஸாக வந்து கட்டிலெல்லாம் நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஆளை உள்ளே விடலாம் என்று யார் சொல்வார்கள்? அவன் போன் செய்தான், பி-யூன் எடுக்கவில்லை. ஒரு நிமிடம் பேசினால் போதும் என்று குரல் பதிந்து வைத்தான், அவள் முழுதாகக் கேட்கவில்லை. மடியில் கனமில்லாதவன் எதற்கு இப்படித் தவிக்கிறான் என்றாள்.

மறுநாள் ஒரு குழாயைப் பிரித்து, எதையும் செய்வதுபோல அதையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தாள். துணி மஞ்சளாயிற்று. இன்னொரு முறை துடைத்தாள், இன்னும் மஞ்சள். அவளுக்கு அப்படியொரு திருப்தி. துணியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

"பாத்துக்கங்கடி. சாயம் போகுது. இதைத்தான் மனுசன் ரத்தத்துல விடச் சொல்றான்."

அந்தத் துணியையும் குழாயையும் தனித்தனிப் பையில் போட்டுத் தன் அலமாரியில் பூட்டினாள், ஒரு நாள் அவன் மூஞ்சியில் எறிய. இனிமேல் எந்தக் குழாயையும் டாக்டர் கையில் கொடுப்பதற்கு முன், சுத்தமான கையுறை போட்டுக்கொண்டு, ஸ்பிரிட் துணியால் துடைக்க வேண்டும், துணி வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். டாக்டர்களும் அவளுக்குப் பயந்தவர்கள்தான், கொடுத்ததை வாங்கிச் செருகினார்கள். டப்பாவோடு வந்த பொடியெழுத்துக் காகிதங்கள் வழக்கம்போல டப்பாவோடேயே குப்பைக்குப் போயின.

குழாய் வந்தபின் குறைய வேண்டிய காய்ச்சல் கூடியது. முதலில் ஒரு பள்ளி ஆசிரியைக்கு, ரத்தத்தில் கிருமி. மருந்து மாற்றிப் பிழைத்துக்கொண்டாள். அடுத்தது ஒரு லாரி டிரைவர். அவர் பிழைக்கவில்லை. இரண்டு பேருக்கும் குழாய் போட்டபோது உடனிருந்து எடுத்துக் கொடுத்தவள் வே ரூ-பிங்.

ரூ-பிங் பிரிவில் எல்லோருக்கும் இளையவள், பெங்-ஹு தீவிலிருந்து வந்தவள், கூப்பிட்ட குரலுக்குப் பதில் வருமுன் ஆள் வந்து நிற்கும். தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸாக வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை வைத்துக்கொள்ளாத பெண். பிரிவின் பெரிய டாக்டர் ஷென், குழாய் நல்லது என்று வாங்கியாயிற்று, அப்படியானால் கைதான் காரணம், யாருடைய கை என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் தனக்குத் தெரிய வேண்டும் என்று பி-யூனிடம் சொல்லிவிட்டார். அங்கே பெயர் அடிபட்டவளை எந்த ஊரிலும் எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவும் சேர்த்துக்கொள்ளாது. பல் டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்து பெயர் கூப்பிட வேண்டியதுதான்.

பி-யூனுக்குக் குழாய்மேலும் சந்தேகம், ரூ-பிங்மேலும் சந்தேகம். திரைக்குப் பின்னால் நின்று அந்தப் பெண் கை கழுவுவதைப் பார்த்தாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, ஒரு குறை இல்லை. குறை இல்லாததே அவளை உறுத்தியது. நான் இருப்பது தெரிந்துதான் இப்படிக் கழுவுகிறாள் என்று நினைத்து, அடுத்த நாள் மருந்து அலமாரிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அதே கழுவல். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பி-யூன் கண்ணுக்கு வெளுத்ததுகூடப் பேயாகத்தான் இருந்தது.

அப்போதுதான் வூ தியன்-ஃபூவுக்குக் காய்ச்சல் வந்தது. கடலோரத்தில் பால்கெண்டைக் குளம் வைத்திருப்பவர், வயிற்றுப்புண் வெடித்து அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். அவர் மனைவி தினமும் மீன் கஞ்சி கொண்டுவந்து, அந்தத் தீவுப் பொண்ணுக்குக் கொடுங்கள், என் புருஷனைத் தன் அப்பனைப்போலப் பார்த்துக்கொள்கிறாள் என்பாள். எதற்கு இவளுக்கு மட்டும் கஞ்சி என்று பி-யூன் அதையும் மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். தியன்-ஃபூ நடுங்க ஆரம்பித்த காலையில் குழாய் போட்ட நாளை யோசித்துப் பார்த்தாள். அன்றும் ரூ-பிங்தான்.

கூப்பிட்டு நிறுத்தி, கையில் புண் இருக்கிறதா, நகம் வளர்த்தாயா, கையுறையோடு எதையாவது தொட்டாயா என்று கேட்டாள். இல்லை, இல்லை, இல்லை என்றே பதில் வந்தது.

"அப்ப மூணு பேருக்கும் காத்துல பறந்து வந்துச்சா கிருமி?"

"தெரியலைங்க பெரியக்கா. நீங்க சொன்னதுல ஒண்ணைக்கூட நான் விடல."

"எல்லாத் திருடியும் இதைத்தான் சொல்லுவா."

ரூ-பிங்கின் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ள முகத்தைத் தொட்டால் மறுபடி கை கழுவ வேண்டும் என்று அவள் தொடாமல் நின்றாள். அதைப் பார்த்தும் பி-யூனுக்கு மனம் இரங்கவில்லை.

ஆனால் குழாய்க்காரனையும் தப்ப விடுவதாயில்லை. பூட்டி வைத்திருந்த மஞ்சள் துணியையும், அன்று தன் கையால் துடைத்த குழாயையும் கிருமி வளர்க்கும் லேபுக்கு அனுப்பியிருந்தாள். குழாயில் மருந்தே இல்லை என்றும், துணியில் இருப்பது மலிவுச் சாயம் என்றும் நிரூபித்துக் கொடு என்பது கேள்வி. லேபில் இருந்த ஜுவாங் மிங்-தே அவளோடு ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், அவளைக் கிண்டல் செய்ய அந்த ஆஸ்பத்திரியில் தைரியம் உள்ள ஒரே ஆள். திங்கட்கிழமை காலை, கூட்டத்துக்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போ என்று கூப்பிட்டார்.

மேசையில் கிருமியைப் பரப்பி மூடி வைத்த கண்ணாடித் தட்டுகள் இருந்தன. முதல் தட்டில் குழாய்த் துண்டு. அதைச் சுற்றிக் கிருமி பாசிபோல வளர்ந்து, துண்டின் மேலேயே ஏறியிருந்தது.

"நான் சொல்லல?" என்றாள் பி-யூன். "பூச்சும் இல்ல, மண்ணும் இல்ல."

"பொறு. இது உன் துணி."

இரண்டாவது தட்டில், மஞ்சள் துணியைச் சுற்றி அகலமாய் ஒரு வட்டம் துப்புரவாக இருந்தது. வட்டத்துக்கு வெளியே கிருமி, உள்ளே ஒரு புள்ளி இல்லை.

"துணியில ஸ்பிரிட் இருந்துச்சு, அதுதான்."

"ஸ்பிரிட் என்னைக்கோ ஆவியாப் போச்சு, பி-யூன். இன்னும் உன் சந்தேகம் தீராதுன்னு தெரியும், அதான் ஸ்டோர்ல இருந்து பிரிக்காத டியூப் ஒண்ணையும் வாங்கி வெச்சேன்." மூன்றாவது தட்டை நகர்த்தினார். அதே வட்டம். "டியூப்ல மருந்து இருக்கு, சத்தியமான மருந்து. மஞ்சளா இருக்கறதே அதுதான். நீ அனுப்பின டியூப்ல மட்டும் இல்ல, எல்லாம் துணிக்கு வந்துடுச்சு. எந்தப் புண்ணியவதி இதைத் தேச்சுக் கழுவினது?"

ஒரு கணம் பி-யூனின் கண் ஜுவாங்கின் அலமாரிப் பக்கம் போயிற்று, அன்னாசி கேக் டப்பா ஏதும் இருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. சந்தேகப்பட அங்கே அவள் ஒருத்திதான் மிச்சம் இருந்தாள்.

படிக்கட்டில் நின்று தூ சோங்-யீக்குப் போன் செய்தாள். போனைத் துடைக்க மறந்துபோனாள். அவன் இவள் குரலைக் கேட்டதும் முதலில் அன்னாசிக்காக மன்னிப்புக் கேட்டான். பிறகு, ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது அக்கா, அன்றைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன் என்றான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. லாரி டிரைவரின் முகம் நினைவுக்கு வந்தது. டிரைவருக்கு ஒரு மகள் உண்டு, வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனாலும் ஒன்று இடித்தது. எல்லோரும்தானே துடைத்தார்கள்? ரூ-பிங் கொடுத்த குழாய்கள் மட்டும் ஏன்? பிரிவுக்கு ஓடி, தியன்-ஃபூவின் குழாயை எடுத்துவிட்டு, பிரித்ததும் அப்படியே, எதுவும் படாமல் வேறு குழாய் போடச் சொன்னாள். மூத்த நர்சுகளை ஓரமாக அழைத்து உண்மையைக் கேட்டாள். ஒருத்தி முகத்தைப் பார்த்து ஒருத்தி முழித்தார்கள். கடைசியில் நீங்கள் பார்க்கும்போது பேருக்கு ஒரு இழுப்பு இழுப்போம், நீங்கள் நகர்ந்ததும் அப்படியே கொடுத்துவிடுவோம், அத்தனை வேலைக்கு நடுவில் யார் தேய்ப்பது என்று ஒப்புக்கொண்டார்கள்.

ரூ-பிங் தியன்-ஃபூவின் கட்டிலருகே நின்றிருந்தாள். இன்று கூட்டத்தில் தன் பெயர் அடிபடப்போகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"டியூபை எப்படித் துடைச்சே?" என்று பி-யூன் கேட்டாள்.

"நீங்க சொன்னபடிதாங்க. லேசில போகாது. துணி மாத்தி மாத்தித் தேய்ச்சேன், வெள்ளையா வர்ற வரைக்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "நீங்க பக்கத்துல இல்லாதப்ப இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். உங்களுக்கு என்மேல சந்தேகம் வந்துடக் கூடாதுன்னு."

பேச்சை நம்பாத அத்தனை பேருக்கு நடுவில் பி-யூன் பேச்சை முழுதாக நம்பியவள் இவள் ஒருத்தி. பொய்யாகத் துடைத்தவர்களின் நோயாளிகள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கூட்டத்தில் டாக்டர் ஷென் சுற்றி வளைக்கவில்லை. யார் கை என்று கேட்டார். மேசைக் கடைசியில் ரூ-பிங் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பி-யூன் எழுந்து, லேபிலிருந்து கொண்டுவந்த மூன்று தட்டுகளையும் அவர் முன்னால் வைத்தாள். பிறகு தட்டுகளுக்குப் பக்கத்தில், ஸ்பிரிட் பட்டுப் பட்டுத் தோல் உரிந்த தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள்.

"இந்தக் கைதான், டாக்டர்."